முதலில் பிள்ளையின் உயரம்

வணக்கம் நேயர்களே. நத்தார் லீவு கிட்ட வந்தால் நம் மலையகத்து வீடுகளில் பிள்ளைகள் ஒரே பிடியாகப் பிடித்துக்கொள்ளும், எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகச் சொல்லி. சிலர் அவிசாவளைப் பக்கம் இருக்கிற லெஷர் வேர்ல்ட் என்ற விளையாட்டுப் பூங்காவுக்கு வேன் பேசுவார்கள். வெளிநாட்டில் அண்ணனோ அக்காவோ இருந்தால் சிங்கப்பூர் செந்தோசாத் தீவில் இருக்கிற பூங்கா வரைக்கும் பேச்சுப் போகும். வேன் வாடகை, டிக்கட், சாப்பாடு என்று கணக்குப் போடுவோம். சீட்டுக் காசு எப்போது கைக்கு வரும் என்றும் பார்ப்போம். தோட்டப் பாடசாலையில் நெடுங்காலம் படிப்பித்தவள் நான். வருடா வருடம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போனவள். இந்தக் கணக்கில் எப்போதும் விடுபட்டுப் போகிற ஒன்று இருக்கிறது. பிள்ளையின் உயரம்.

ஒரு நத்தார் லீவில் ஒரு பூங்காவுக்குப் போனோம். மேல் டிவிஷன் லயத்திலிருந்து வந்த ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தி. இரவு ஒரு மணிக்கே எழும்பித் தலை வாரி, சிவப்பு ரிப்பன் கட்டி, ஆயத்தமாகி நின்றாளாம். அங்கே பெரிய ஊஞ்சல் கப்பலுக்கு முன்னால் ஒரு கட்டை, அதில் மஞ்சள் கோடு. காவலுக்கு நின்ற தம்பி அவளைக் கட்டையோடு சேர்த்து நிறுத்தினார். கோட்டுக்குக் கீழேதான் தலை. அவள் என்ன செய்தாள் தெரியுமா? ரிப்பனை இரண்டு கையாலும் மேலே இழுத்து, குதியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அப்போதும் மூன்று விரற்கடை குறைவு.

மற்றப் பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். இவள் என் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்து, அவர்கள் கழற்றிப் போட்ட செருப்புகளைச் சோடி சோடியாக அடுக்கினாள். அழவில்லை. "டீச்சர், பதினொரு சோடி" என்றாள். அவ்வளவுதான். அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தத் தம்பியில் குற்றமில்லை, அதை அழுத்திச் சொல்கிறேன். நம்மை இறுக்கிப் பிடிக்கிற இரும்புத் தடுப்பு ஓரளவு வளர்ந்த உடம்புக்கென்று செய்தது. சின்ன உடம்பு அதற்குள்ளிருந்து வழுகிவிடும். "பரவாயில்லை தம்பி, ஏற்றிவிடுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன்" என்று கெஞ்சுகிற அப்பாமாரைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து கெஞ்சாதீர்கள். அந்த வேகத்தில் எந்த அப்பாவின் கையும் பிள்ளையைப் பிடிக்காது.

உலகம் முழுக்க இதே முறைதான். அமெரிக்காவில் ஓர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டில் ஸ்பேஸ் மவுண்டன் என்ற சவாரிக்கு 44 அங்குலம் வேண்டும், அதாவது 112 சென்ரிமீற்றர். அங்கேயே பிக் தண்டர் என்ற ரயில் சவாரிக்கு அதைவிடக் குறைந்த உயரம் போதும். ஒரே பூங்கா, ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு. அங்கே ஒரு நல்ல ஏற்பாடும் உண்டு: அம்மா சின்னதைப் பார்த்துக்கொள்ள அப்பா மூத்ததோடு ஏறலாம், அப்புறம் அம்மா மறுபடி நீள வரிசையில் நிற்காமல் போய் ஏறலாம். நீங்கள் போகிற இடத்திலும் இப்படி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். கேட்டால் காசு போகாது.

ஆகவே, பிள்ளையிடம் பயணத்தைப் பற்றி வாய் திறப்பதற்கு முன், கதவு நிலையில் நிறுத்திச் சோக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். செருப்பில்லாமல், கொண்டை இல்லாமல். தையல் நாடாவால் அளந்து கொப்பியில் எழுதுங்கள். பூங்காவுக்குக் கோல் எடுத்து எந்தச் சவாரிக்கு எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். பிறகு பிள்ளையிடம், "இதில் ஏறலாம், அதில் அடுத்த வருடம்" என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் கேட்டால் பிள்ளை தாங்கிக்கொள்ளும். வரிசையில் நின்று, முறை வந்த பிறகு கேட்டால் தாங்காது. அந்தப் பிள்ளைக்கு நான் இதைச் செய்யவில்லை.

பாதையைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், வானொலிக் கலையகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தம்பி இரண்டு நிமிடம்தான் என்று விரலைக் காட்டுகிறார். சரி, சுருக்கமாக. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல, எட்டியாந்தோட்டை வழியாக அவிசாவளைக்கு இறங்கும்வரை வளைவுதான். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். தேசிக்காய் ஒன்றும் சொப்பிங் பைகளும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடையில்தான் கூட்டம் நெரியும், முடிந்தால் அதற்கு முன்னால் ஒரு கிழமை நாளில் போங்கள். வாசல் திறக்கும்போதே நின்று, பிள்ளை அதிகம் ஆசைப்பட்டதில் முதலில் ஏற்றுங்கள். சிங்கப்பூர் போகிறவர்களுக்கு, டிசம்பர் அங்கே மழைக்காலம். இடி மின்னல் என்றால் வெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள், கூரைக்குள் இருப்பவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்று உடுப்போடு ஒரு ஸ்வெட்டரும் எடுங்கள். நனைந்த தலையோடு திரும்பும் பிள்ளைக்குக் கினிகத்தேனை தாண்டியதும் குளிரும். நத்தார் வாழ்த்துகள். வணக்கம்.