வீடியோ காலில் முகம் தெரியவில்லையா? முதலில் அந்தக் குட்டி விளக்கைப் பாருங்கள்

வணக்கம் மக்களே! மொரீஷியஸ், காத்ர் போர்னிலிருந்து பேசுகிறேன். "ஜூமில் குரல் போகிறது, முகம் மட்டும் கறுப்பாக நிற்கிறது, புது கேமரா வாங்கட்டுமா?" இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. வாங்காதீர்கள். விண்டோஸை அழித்துத் திரும்பப் போடவும் வேண்டாம். இந்த வீடியோவை முழுசாகப் பாருங்கள், பெரும்பாலும் காசில்லாமலே சரியாகிவிடும்.

இங்கே மேசையில் இருப்பது எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுடைய லேப்டாப். அவர் மகளுக்கு இன்று சாயங்காலம் 5 மணிக்கு ஆன்லைனில் பரதநாட்டிய வகுப்பு. சென்னையில் இருக்கும் டீச்சருக்கு அப்போது 6.30. அரைமண்டி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கை எங்கே நிற்கிறது என்று அவர் கண்ணால் பார்த்தால்தானே திருத்த முடியும்? அதனால் இதை இப்போதே சரி செய்துவிடலாம், நீங்களும் கூடவே உங்கள் லேப்டாப்பில் பாருங்கள்.

முதல் வேலை, ஜூமை முழுவதுமாக மூடிவிடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'கேமரா' என்று தேடி, விண்டோஸ் கூடவே வரும் கேமரா ஆப்பைத் திறங்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் தொட்டி காலியா, குழாய் அடைப்பா என்று முதலில் பிரித்துப் பார்ப்போமே, இதுவும் அப்படித்தான். இந்த ஆப்பில் முகம் தெரிந்தால் கேமரா நல்லாத்தான் இருக்கிறது, கோளாறு ஜூம், டீம்ஸ், பிரவுசர் பக்கம். இதிலும் தெரியவில்லை என்றால் கோளாறு அதற்கும் கீழே. இந்தச் சோதனையைச் செய்யாமல் நேராக டிரைவரை, அதாவது கேமராவையும் விண்டோஸையும் பேச வைக்கும் மென்பொருளை, நோண்டுவதில்தான் நிறைய பேருக்குப் பாதி நாள் போகிறது.

ஆப் திறக்கும்போது லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டி விளக்கைப் பாருங்கள். விளக்கு எரிகிறது, படம் மட்டும் கறுப்பு என்றால் கேமரா வேலை செய்கிறது, லென்ஸை ஏதோ மறைக்கிறது. கிட்டே காட்டுகிறேன் பாருங்கள். மூடியின் மேல் விளிம்பில், நகம் மட்டும் மாட்டுகிற அளவுக்கு ஒரு சின்னத் தள்ளு ஸ்விட்ச். இப்படித் தள்ளினால் லென்ஸ் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வந்து உட்காருகிறது. அதுதான் ஷட்டர், சில லேப்டாப்பில் அந்தப் புள்ளி வெள்ளையாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். லேப்டாப்பைத் துடைக்கும்போது துணி பட்டாலே நகர்ந்துவிடும். சில மாடல்களில் ஷட்டருக்குப் பதிலாக ஓரத்தில், யூஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில், கேமராவுக்கென்றே ஒரு ஸ்விட்ச் இருக்கும். இன்னும் சிலவற்றில் கீபோர்டின் மேல் வரிசையில், குறுக்குக் கோடு போட்ட கேமரா படம் உள்ள விசை. எம்எஸ்ஐ லேப்டாப் பலவற்றில் எஃப்என் விசையோடு எஃப்6 அழுத்த வேண்டும். இந்த ஸ்விட்சும் விசையும் பல மாடல்களில் கேமராவின் இணைப்பையே துண்டித்துவிடும். அப்போது விளக்கு எரியாது, கேமரா இல்லவே இல்லை என்று விண்டோஸ் சொல்லும்.

கேமரா ஆப் பிழை எண் காட்டினால் அதன் கடைசி நாலு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 4244 என்று முடிந்தால் கேமராவே கண்ணில் படவில்லை. 4243 என்றால் கேமராவை வேறு ஏதோ ஆப் பிடித்து வைத்திருக்கிறது.

சரி, அக்காவுடைய லேப்டாப்பில் என்ன? இதோ, கேமரா ஆப்பில் என் முகம் பளிச்சென்று தெரிகிறது. ஜூமில் மட்டும் இல்லை. அப்படியென்றால் அனுமதி விஷயம். செட்டிங்ஸ், அதில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் கேமரா. விண்டோஸ் 10 வைத்திருந்தால் பிரைவசி என்று மட்டும் இருக்கும். இந்தப் பக்கத்தை நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் இங்கே ஒன்றல்ல, மூன்று ஸ்விட்ச். மேலே இருப்பது லேப்டாப் முழுவதற்கும். அடுத்தது ஸ்டோரிலிருந்து வந்த ஆப்களுக்கு. மூன்றாவது, பக்கத்தின் அடியில் ஒளிந்திருப்பது, 'டெஸ்க்டாப் ஆப்ஸ்'. இணையத்திலிருந்து இறக்கிப் போட்ட ஜூமும், குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற பிரவுசர்களும் இந்த மூன்றாவதன் கீழ்தான் வரும். மேலே இரண்டும் ஆன், இது ஆஃப். பாருங்கள், அக்காவுடைய லேப்டாப்பில் அதேதான்! ஆன் செய்கிறேன், ஜூமைத் திரும்பத் திறக்கிறேன்... வந்துவிட்டது. விண்டோஸ் பிரெஞ்சில் வைத்திருப்பவர்கள் 'அப்ளிகாசியோன் த ப்யூரோ' என்ற வரியைத் தேடுங்கள். ஆபீஸோ பள்ளிக்கூடமோ கொடுத்த லேப்டாப்பில் இந்த ஸ்விட்ச் மங்கலாக, தொட முடியாமல் இருந்தால் அங்குள்ள ஐடி ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமும் இதே பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த மூன்றாவது ஸ்விட்சின் கீழே, எந்த ஆப் கடைசியாக எப்போது கேமராவை எடுத்தது என்று நேரத்தோடு போட்டிருக்கும். 'இப்போது பயன்பாட்டில்' என்று ஒரு பெயருக்குக் கீழே இருந்தால், கேமராவைப் பிடித்து வைத்திருப்பவர் அவர்தான். மீட்டிங் முடிந்து டீம்ஸை மூடினோம் என்று நினைப்போம், அது டாஸ்க்பார் மூலையில் ஓடிக்கொண்டே இருக்கும். வலது கிளிக் செய்து முழுவதும் வெளியேறச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாத பெயர் அந்தப் பட்டியலில் இருந்தாலும் விசாரியுங்கள், பாதுகாப்புக்கு நல்லது.

அப்புறம், ஜூமின் வீடியோ செட்டிங்ஸில் எந்தக் கேமரா தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். ஓபிஎஸ் மாதிரி வீடியோ பதிவு மென்பொருள் போட்டிருந்தால் ஒரு விர்ச்சுவல் கேமரா, அதாவது நிஜத்தில் இல்லாத, மென்பொருளே உருவாக்கிய கேமரா, பட்டியலில் சேர்ந்திருக்கும், ஜூம் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிரவுசரில் மீட்டிங் என்றால் முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தை அழுத்தி, கேமராவுக்கு அனுமதி கொடுத்து, பக்கத்தைத் திரும்ப ஏற்றுங்கள். காஸ்பர்ஸ்கி, பிட்டிஃபெண்டர், ஈசெட் போன்ற ஆன்டிவைரஸ்களில் வெப்கேம் பாதுகாப்பு என்று தனியாக உண்டு, அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கேமரா ஆப்பிலேயே படம் வராதவர்களுக்குத்தான் டிரைவர் வேலை. விண்டோஸ் விசையோடு எக்ஸ் அழுத்தி டிவைஸ் மேனேஜர் போங்கள். கேமரா பெயரில் கீழ்நோக்கி அம்புக்குறி இருந்தால் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள், வலது கிளிக் செய்து இயக்குங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் அன்இன்ஸ்டால் செய்து, மேலே ஆக்‌ஷன் மெனுவில் 'ஸ்கேன்' கொடுங்கள், விண்டோஸ் தானே திரும்பப் போடும். அதற்கும் மசியவில்லையா? டிரைவர் பட்டியலில் 'யூஎஸ்பி வீடியோ டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். லேப்டாப்புக்குள் இருக்கும் கேமரா பெரும்பாலும் உள்ளுக்குள் யூஎஸ்பியில்தான் மாட்டியிருக்கும், அதனால் இந்தப் பொது டிரைவர் போதும். 'எல்லா டிரைவரையும் அப்டேட் செய்கிறோம்' என்று விளம்பரம் வரும் மென்பொருள்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

டிவைஸ் மேனேஜரில் கேமராவே இல்லையென்றால் பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே ஓடும் லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸில், அணைத்திருக்கலாம், கேபிளும் போயிருக்கலாம். கேமராவிலிருந்து வரும் மெல்லிய கேபிள், மூடியின் கீல் வழியாக வளைந்துதான் மதர்போர்டுக்குப் போகிறது. படம் விட்டுவிட்டு வருகிறவர்கள் கேமரா ஆப்பைத் திறந்து வைத்து, மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். ஒரு கோணத்தில் மட்டும் படம் போய்ப் போய் வந்தால் கேபிள்தான். ரிப்பேர் கடையில் அதை வாய் விட்டுச் சொல்லுங்கள், "முதலில் கேபிளைப் பாருங்கள்" என்று.

அதுவரைக்கும் வகுப்பை விட வேண்டாம். அதே லிங்கை போனில் திறந்து வீடியோவை அதில் போடுங்கள். ஆனால் இரண்டில் ஒன்றின் மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் எதிரொலி காதைப் பிளக்கும்.

கடைசியாக ஒன்று. படம் வருகிறது, ஆனால் மேலிருந்து கீழே பட்டை பட்டையாக ஓடுகிறது என்றால் அது டியூப் லைட் வேலை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கேமரா 60-இல் இருந்தால் இப்படி ஓடும். கேமரா ஆப் செட்டிங்ஸில் 'ஃபிளிக்கர் ரிடக்‌ஷன்' என்று இருப்பதை 50-க்கு மாற்றுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் முகத்துக்கு நேரே இருக்கும்படி உட்காருங்கள்.

இவ்வளவும் செய்து சரியாகவில்லை என்றால் கமெண்டில் எழுதுங்கள். லேப்டாப் மாடல், விளக்கு எரிந்ததா, கேமரா ஆப் என்ன சொன்னது, இந்த மூன்றும் இருந்தால் போதும், நான் பதில் போடுகிறேன்.