கேமிங் லேப்டாப்பா, லேசான லேப்டாப்பா? குரோம்பேட்டையிலிருந்து ஒரு கேள்வி

சரி, அடுத்த கேள்வி. குரோம்பேட்டையிலிருந்து ஒரு தங்கை அனுப்பியிருக்கிறார், அப்படியே வாசிக்கிறேன். “அண்ணா, நான் பி.காம் இரண்டாம் வருடம். காலையில் நுங்கம்பாக்கத்தில் காலேஜ், சாயங்காலம் மாம்பலத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரில் என்ட்ரி. ராத்திரி, சித்தியின் புடவைக் கடைக்கு இன்ஸ்டாகிராம் போஸ்டரும் ரீல்ஸும் செய்து தருகிறேன். கையில் 65,000 ரூபாய் இருக்கிறது. ஒன்று 15.6 இன்ச் கேமிங் லேப்டாப், 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு, 2.3 கிலோ. இன்னொன்று 14 இன்ச், 8 ஜிபி ரேம், தனி கார்டு கிடையாது, 1.4 கிலோ, விலையும் கொஞ்சம் குறைவு. என் அண்ணன் முதலாவதைத்தான் வாங்கச் சொல்கிறான். எதை வாங்கட்டும்?”

முதலில் ஒன்று விசாரித்துக்கொள்ளுங்கள்: ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்த லேப்டாப் யார் மடியில் இருக்கப்போகிறது? சும்மா சொன்னேன். அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கொடுக்கிற காசுக்கு அதில்தான் பொருள் அதிகம். ஆனால் அந்தப் பொருளைச் சுமக்கப்போவது நீங்கள்.

இதோ, வீட்டுச் சமையலறைத் தராசை எடுத்து வந்திருக்கிறேன். இது என்னுடைய கேமிங் லேப்டாப்பின் சார்ஜர். பார்க்கவே செங்கல் மாதிரி இருக்கிறதா? வைக்கிறேன்... 640 கிராம். வெறும் சார்ஜர்! உங்களுடையதும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஆக லேப்டாப்போடு சேர்த்து மூன்று கிலோ. அதற்கு மேல் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், நோட்டு. காலை எட்டு மணிக்கு சென்னை பீச் போகிற லோக்கல் ரயிலில் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு நிற்பவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சார்ஜரை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமே என்றால், அதுவும் நடக்காது. ஒரு சின்னக் கணக்கு. பேட்டரி 50 வாட் ஹவர் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 50 வாட் இழுத்தால் ஒரு மணி நேரம் தாங்கும். கேமிங் மெஷின் சும்மா எக்ஸெல் திறந்து வைத்திருந்தாலே 15 வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும். மூன்று மணி நேரத்தில் முடிந்தது. 14 இன்ச் மெஷின் அதே வேலைக்கு 8 வாட் பக்கம்தான் எடுக்கும், ஆறு மணி நேரம் தாங்கும். காலேஜ் முடிந்து மாம்பலத்தில் இறங்கும்போது பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பதுதான் உங்களுக்குக் கேள்வி. இன்னொன்று, பிளக் போடாமல் ஓட்டினால் அந்த 3050 கார்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் எதற்காக அதைத் தூக்கிக்கொண்டு அலைவது?

டேலிக்கு அந்தக் கார்டு இருப்பதே தெரியாது. ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலை பிரவுசரில் நடக்கிறது. ரீல்ஸ் எடிட்டிங்குக்கு வேண்டும் என்று சொல்வார்கள். போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோவை வெட்டி, பாட்டுப் போட்டு, எழுத்துப் போட இப்போது வருகிற பிராசசருக்குள் இருக்கிற கிராபிக்ஸே போதும். நீங்கள் கல்யாண வீடியோவை 4கே-யில் எடிட் செய்கிறவராக இருந்தால் என் பதில் மாறியிருக்கும், அண்ணன் பக்கம் சாய்ந்திருப்பேன்.

இதுவரை கேட்டுவிட்டு 14 இன்ச்சை ஆர்டர் போட்டுவிடாதீர்கள். அந்த 8 ஜிபி ரேம்தான் இடிக்கிறது. திறந்து வைத்திருக்கிற வேலையெல்லாம் உட்காருகிற இடம் அதுதான். விண்டோஸ் 11 எழுந்து உட்காரவே மூன்று, நான்கு ஜிபி போய்விடும். தனி கார்டு இல்லாததால் கிராபிக்ஸும் அதே ரேமிலிருந்துதான் பங்கு கேட்கும். மிச்சத்தில் டேலி, எக்ஸெல், பிரவுசரில் பத்து டேப். மெஷின் திணறும். பிறகு ரேம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால், லேசான லேப்டாப்புகள் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே சால்டர் செய்து, அதாவது கழற்ற முடியாதபடி பற்றவைத்து விடுகிறார்கள். நான் இதில் ஒரு தடவை மாட்டினேன். விவரம் பார்க்காமல் வாங்கி, ஒரு வருடம் கழித்து, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பின்மூடியைக் கழற்றினார், டார்ச் அடித்துப் பார்த்தார், என் பக்கம் திருப்பிக் காட்டினார். “ஸ்லாட்டே இல்லையே சார், எங்கே சொருகுவது?” டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார், அது வேறு விஷயம்.

அதனால் நீங்கள் பார்த்த அதே 14 இன்ச் மாடலில் 16 ஜிபி வருகிறதா என்று தேடுங்கள். கேமிங் மெஷினைவிட விலை குறைவு என்கிறீர்கள், அந்த மிச்சத்தை ரேமில் போடுங்கள். 16 வரவில்லை, ஆனால் காலி ஸ்லாட் ஒன்று இருக்கிறது என்றால் அதுவும் பரவாயில்லை. இரண்டும் இல்லையென்றால் அந்த மாடலையே விட்டுவிடுங்கள், அதே எடையில் வேறு பாருங்கள்.

டேலி என்ட்ரி போடுகிறவருக்கு 14 இன்ச்சில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வலது பக்கம் நம்பர் பேட் பெரும்பாலும் இருக்காது. நடுவிரல் 5-ஆம் எண் மேல் இருக்கிற சின்ன மேட்டைத் தொட்டதும், பார்க்காமலேயே வவுச்சர் வவுச்சராக அடித்துப் பழகியவர்களுக்கு மேல்வரிசை எண்கள் நரகம். யூஎஸ்பி நம்பர் பேட் தனியாகவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி ஆடிட்டர் ஆபீஸ் டிராயரிலேயே போட்டுவிடுங்கள்.

புடவைக் கடைக்காக ஸ்கிரீனையும் பார்க்க வேண்டும். ஸ்கிரீன் எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கு என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்று இரண்டு அளவுகோல் போடுவார்கள். விவரத்தில் 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் நிறம் வெளிறித் தெரியும். அதைப் பார்த்து நீங்கள் நிறத்தைக் கூட்டினால், வாடிக்கையாளர் போனில் அரக்குப் புடவை ரத்தச் சிவப்பாகப் போய் நிற்கும். 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி கிடைத்தால் நல்லது. பட்ஜெட் இடிக்கிறதா? போஸ்டரைப் போடுவதற்கு முன்னால் சித்தியின் போனில் ஒரு தடவை திறந்து பாருங்கள், அது போதும்.

சார்ஜிங் டைப் சி-யா என்றும் கடையில் கேளுங்கள். ஆமாம் என்றால் இன்னொரு 65 வாட் சார்ஜர் வாங்கி, அதையும் அந்த நம்பர் பேட் பக்கத்திலேயே வைத்துவிடலாம்.