அரசரை எதிர்த்தவரே அரசருக்கு வக்கீல் ஆனார்: மால்செர்ப்

வணக்கம் நண்பர்களே. பிரெஞ்சுப் புரட்சி என்று ஆரம்பித்தாலே பேச்சு பாஸ்டில் சிறை, புரட்சித் தலைவர் ரோபெஸ்பியர், தலை வெட்டும் கில்லட்டின் இயந்திரம் என்று போய்விடுகிறது. இன்றைக்கு மால்செர்ப் என்ற மனிதரைப் பற்றிப் பேசப்போகிறேன். எனக்கு ரொம்பப் பிடித்தவர்.

1721-இல் பாரிஸில் பிறந்தவர். பரம்பரை பரம்பரையாக நீதிபதிகள் இருந்த பிரபுக் குடும்பம். 1750-இல் இரண்டு பெரிய பொறுப்புகள் கைக்கு வந்தன. ஒன்று, வரி வழக்குகளை விசாரிக்கும் உயர் நீதிமன்றத்தின் தலைமை. இன்னொன்று புத்தகத் தணிக்கை. எதை அச்சடிக்கலாம், எதை அச்சடிக்கக் கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரம்.

அந்த நேரத்தில்தான் திதரோ என்ற எழுத்தாளர் தொகுத்துவந்த கலைக்களஞ்சியத்துக்குத் தடை வந்தது. கையெழுத்துப் பிரதிகளைப் பறிமுதல் செய்ய வேண்டியவர் மால்செர்ப். சோதனை வரப்போகிறது என்று திதரோவுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். இவ்வளவு காகிதத்தையும் எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று திதரோ பதறியபோது, "என் வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள், அங்கே யாரும் தேட மாட்டார்கள்" என்றாராம். திதரோவின் மகள் எழுதிவைத்திருக்கும் செய்தி இது.

அப்புறம் மொன்னரா வழக்கு. கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். அன்றைய பிரான்சில் வரி வசூலைத் தனியாருக்குக் குத்தகை விட்டிருந்தார்கள். அந்தக் குத்தகைக்காரர்கள் மொன்னரா என்ற சாதாரண வியாபாரியைப் புகையிலை கடத்துபவன் என்று ஆள் மாறிப் பிடித்து, வெளிச்சமே எட்டாத நிலவறையில் மாதக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். வெளியே வந்தவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட, அரசர் பதினைந்தாம் லூயி தரப்பு வழக்கையே முடக்கப் பார்த்தது. 1770-இல் மால்செர்ப் அரசருக்கே எழுதினார்: மந்திரியின் பகைக்குத் தப்பும் அளவுக்குப் பெரிய மனிதனும் இந்த நாட்டில் இல்லை, வரி குமாஸ்தாவின் பகைக்கு ஆளாகாத அளவுக்குச் சின்ன மனிதனும் இல்லை என்று. புரட்சிக்கு இருபது வருஷத்துக்கு முன்னால், அரசர் முகத்துக்கு நேராகச் சொன்னது! அடுத்த வருஷமே நீதிமன்றத்தைக் கலைத்தார்கள், அவரைச் சொந்த ஊர்ப் பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள்.

பதினாறாம் லூயி வந்ததும் நீதிமன்றம் திரும்பியது. 1775-இல் மந்திரியானார், சீர்திருத்தம் நடக்காது என்று தெரிந்ததும் 1776-இல் விலகினார். 1787-இல் மறுபடி கூப்பிட்டார்கள். புராட்டஸ்டன்ட் மக்களின் திருமணத்துக்கும் பிறப்புக்கும் சட்ட அங்கீகாரம் தந்த அரசாணைக்காக உழைத்தது அந்தக் காலத்தில்தான்.

சரி, 1792 டிசம்பர். முடியாட்சி ஒழிந்துவிட்டது, லூயி விசாரணைக் கைதி. அவர் கேட்ட வக்கீல்களில் ஒருவர் உடல்நிலையைக் காரணம் காட்டி ஒதுங்கினார். 71 வயது மால்செர்ப் தானாக முன்வந்து புரட்சி மன்றத்துக்குக் கடிதம் எழுதினார். எல்லோரும் ஆசைப்பட்ட காலத்தில் இரண்டு முறை லூயி தன் ஆலோசனைச் சபைக்கு என்னை அழைத்தார், பலரும் ஆபத்து என்று நினைக்கும் இந்த நேரத்தில் அதே சேவையை அவருக்குச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன் என்பது அதன் சாரம்.

இதை வெறும் ராஜவிசுவாசம் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நிலவறையில் கிடந்த மொன்னராவுக்குக் கேட்ட அதே நியாயத்தைத்தான் சிறையில் கிடந்த லூயிக்கும் கேட்டார். ஆள் யார் என்று பார்க்கவில்லை.

வழக்குத் தோற்றது. மரண தண்டனை என்று லூயியிடம் போய்ச் சொன்னவரும் இவர்தான். சொல்ல வாய் வராமல் காலில் விழுந்து அழுதார், லூயிதான் தூக்கித் தேற்றினார். 1793 ஜனவரி 21-இல் தண்டனை நிறைவேறியது.

அந்த வருஷக் கடைசியில் மால்செர்ப்பையும் குடும்பத்தையும் கைது செய்தார்கள். 1794 ஏப்ரலில் முதலில் மருமகனைக் கில்லட்டினில் கொன்றார்கள். இரண்டு நாள் கழித்து, 22-ஆம் தேதி, மகள், பேத்தி, பேத்தியின் கணவர், மால்செர்ப். வண்டிக்குப் போகும் வழியில் கல் தடுக்கியதாம். "சகுனம் சரியில்லை, ரோமானியனாக இருந்தால் திரும்பிப் போயிருப்பான்" என்றாராம். பிள்ளைகளோடு சாகப் போகிற நேரத்தில்! எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது.

இன்னொரு பேத்தியும் அவர் கணவரும் சிறையில் இருந்தார்கள். ஜூலையில் ரோபெஸ்பியர் வீழ்ந்ததால் உயிர் தப்பினார்கள். அவர்களுக்கு 1805-இல் பிறந்த மகன்தான் அலெக்சிஸ் தெ தோக்வில், அமெரிக்க ஜனநாயகத்தை ஆராய்ந்து எழுதிய அதே தோக்வில். கொள்ளுத்தாத்தாவை நினைத்து அவர் ரொம்பப் பெருமைப்பட்டவர். அடுத்த வீடியோவில் அவரைப் பற்றிப் பேசலாம்.