‘எழுதி வைத்துவிட்டார்’ என்றால் என்ன எழுதினார்?

நேயர்களுக்கு வணக்கம். கும்பகோணம் பக்கத்தில், ஒரு சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில் முப்பத்தைந்து வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். வக்கீல் இல்லை. ஆனால் பத்திரத்தில் ஒரு பொருளும் வீட்டுத் திண்ணையில் வேறொரு பொருளுமாக நடமாடுகிற சொற்களோடு தினமும் மல்லுக்கட்டியவன்.

ஒருநாள் காலையில் ஒருவர் வந்தார். “அப்பா எனக்கு எழுதி வச்சுட்டாருங்க, பட்டா மாத்தணும்” என்றார். பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். உயில். “அப்பா தவறி எத்தனை நாளாச்சு?” என்று கேட்டேன். “ஐயையோ, எதிர்த்தாப்ல டீ குடிச்சுக்கிட்டு இருக்காருங்க!”

‘எழுதி வைத்துவிட்டார்’ என்ற பேச்சுக்குள் உயிலும் இருக்கலாம், தான செட்டில்மெண்டும் இருக்கலாம். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதை வைத்து யாரும் எதுவும் கேட்க முடியாது. நாளைக்கே மனம் மாறி வேறு உயில் எழுதலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு கட்டாயமில்லை. அதனால் பதிவு செய்த உயிலையும், பின்னால் முறையாக எழுதிய பதிவில்லாத உயில் ஒன்று தள்ளிவிடக்கூடும்.

செட்டில்மெண்ட் அப்படி இல்லை. எழுதிப் பதிவாகி, வாங்குகிறவர் ஏற்றுக்கொண்டால் சொத்து கை மாறிவிட்டது. பிறகு மகன் சோறு போடவில்லை என்று அழுதால், நினைத்தபடி திரும்ப வாங்கிவிட முடியாது. அதற்காகத்தான் 2007இல் வந்த மூத்த குடிமக்கள் சட்டத்தில் ஒரு வழி வைத்தார்கள். ‘என்னைப் பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையோடு கொடுத்து, பிள்ளை அதைச் செய்யாவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். அதனால் எந்தப் பெரியவர் வந்தாலும் நான் கேட்பேன்: “ஐயா, உங்களைப் பராமரிக்கணும் என்று ஒரு வரி எழுதிச் சேர்க்கட்டுமா? குடியிருக்கிற வீட்டுக்கு ஆயுள் பாத்தியம், அதாவது உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை, போடட்டுமா?” முக்கால்வாசிப் பேர் பதில் சொல்வதற்கு முன்னால் மகன் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த வரி வேண்டாம் என்று சொன்னது பெரும்பாலும் அப்பாக்கள்தான்.

அடுத்தது பட்டா. ‘பட்டா என் பேரில இருக்கு, அப்புறம் என்ன?’ என்பார்கள். பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. இந்த நிலத்துக்கு யார் பேரில் வரி என்று சொல்வது. உரிமைக்கு மூலம் பத்திரம். பட்டா மட்டுமே உரிமை தந்துவிடாது என்று நீதிமன்றங்கள் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. 1980களில் யு.டி.ஆர். என்று நிலக் கணக்குகளைப் புதுப்பித்தபோது, அண்ணன் நிலம் தம்பி பேரிலும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக்காரர் பேரிலும் ஏறிய கதைகள் டெல்டாவில் ஊருக்கு ஊர் உண்டு. சிட்டாவும் அடங்கலும் அதே குடும்பம்தான். சிட்டா, யாரிடம் எவ்வளவு நிலம் என்பது. அடங்கல், அதில் என்ன பயிர் என்பது.

வில்லங்கம் என்றால் பேச்சில் வம்பு. பத்திரத்தில், அடமானம் போல சொத்தின் மேல் இருக்கிற பிடி. வில்லங்கச் சான்று வாங்கிவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைக்கிறோம். பதிவானது மட்டும்தான் அதில் வரும். அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதும், பெட்டியில் தூங்குகிற பதிவில்லாத உயிலும், வாய்ப்பேச்சில் ஓடும் குத்தகையும் அதில் எங்கே தெரியும்?

சரி, நான் அதிகம் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். பத்திரத்தின் கடைசிப் பகுதி, தபசில். சொத்து விவரம். அதில் நான்கு எல்லை சொல்கிற சக்குபந்தி. பழைய பத்திரங்களில் இப்படி இருக்கும்: ‘வாய்க்காலுக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு, இன்னார் நஞ்சைக்குக் கிழக்கு, இன்னார் தோப்புக்கு மேற்கு, இதற்குள்பட்ட நஞ்சை மா 1.’ எங்கள் பக்கத்தில் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு மா என்பது கிட்டத்தட்ட 33 சென்ட்.

‘வாய்க்காலுக்கு வடக்கு’ என்றால் வாய்க்கால் எங்கே இருக்கிறது? நிலத்துக்குத் தெற்கே! வாய்க்காலில் நின்றுகொண்டு, நிலம் வடக்கே கிடக்கிறது என்று சொல்கிறார் எழுதியவர். இப்போது எழுதுகிற முறை வேறு. நிலத்துக்குள் நின்றுகொண்டு, ‘வடக்கில் வண்டிப்பாதை, தெற்கில் வாய்க்கால்’ என்கிறோம். பழையதைப் புதுசாக மாற்றும்போது தலைகீழாகத் திருப்ப வேண்டும்.

என் மேசையிலேயே ஒருமுறை தவறிவிட்டது. தட்டச்சு செய்த பையன் ‘வடக்கு: வாய்க்கால்’ என்று அடித்தான். நானும் தொகையைப் பார்த்தேன், பெயர்களைப் பார்த்தேன், புல எண்ணைப் பார்த்தேன், சக்குபந்தியை விட்டுவிட்டேன். பதினோரு வருஷம் கழித்து நிலத்தை வாங்க வந்தவரின் வக்கீல் கண்டுபிடித்தார். காகிதத்தில் நிலம் வாய்க்காலின் மறுகரைக்குத் தாவியிருந்தது. பிழைத்திருத்தல் பத்திரம் போட விற்றவர் கையெழுத்து வேண்டும். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வாரிசுகள் ஆறு பேர், ஒருவர் சிங்கப்பூரில். கையெழுத்துகள் சேர ஒன்றரை வருஷம் ஆயிற்று. இத்தனைக்கும் அளவும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லையைத்தான் நீதிமன்றம் பெரிதாக எடுத்துக்கொள்ளும். அந்த எல்லையைத்தான் நான் படிக்காமல் விட்டேன்.

கடைசியாக, பத்திரத்தில் எல்லாரும் தாண்டிப் போகும் ஒரு வரி. ‘ஜல தரு பாஷாண நிதி நிட்சேபம் சகிதம், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்வீராகவும்.’ மந்திரம் மாதிரி இருக்கும், அதனால் யாரும் கேட்பதில்லை. பிரித்தால் எளிது. தண்ணீர், மரம், கல், புதையல், பூமிக்குள் வைத்த பொருள் எல்லாம் சேர்த்து உமக்கு. தானம் கொடுக்கலாம், பண்டமாற்றுச் செய்யலாம், விற்கலாம். இங்கே யோக்கியம் என்பது நாணயம் இல்லை, தகுதி.

இதில் ஒரு வேடிக்கை. புதையல் உமக்கே என்று பத்திரம் தாராளமாக எழுதுகிறது. ஆனால் 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. நான் ஆயிரக்கணக்கான பத்திரங்களில் ‘நிதி நிட்சேபம்’ எழுதியிருக்கிறேன். கிடைத்தது என்று ஒருவர்கூடத் திரும்பி வந்து சொன்னதில்லை. கிடைத்திருந்தாலும் பத்திரம் எழுதியவனிடமா வந்து சொல்லப்போகிறார்கள்? வணக்கம்.