வெயில்ல வாடுறது செடியா, வேரா? பால்கனித் தொட்டியும் ரூம் தொட்டியும்

வணக்கம் மக்களே. கீழ கோலாலம்பூர் செந்தூல் ரோட்டு பைக் சத்தம் கொஞ்சம் கேக்கும், பொறுத்துக்குங்க. மணி நாலரை. இந்த நேரத்துக்குன்னேதான் காத்திருந்து கேமராவ ஆன் பண்ணேன்.

இந்த சிலி பாடிய, அதான் சின்ன ஊசி மொளகாச் செடிய, பாருங்க. காலையில ஜம்முன்னு நின்ன செடி, இப்ப இலையெல்லாம் தொங்கிப்போய்க் கெடக்கு. உடனே எல்லாரும் தண்ணிய ஊத்துவோம். கொஞ்சம் இருங்க. நடுவுல விரல விடுறேன், நல்ல ஈரம். இப்ப தொட்டி ஓரமா விடுறேன்... சுடுது. டீ கிளாஸத் தொட்ட மாதிரி சுடுது.

விஷயம் இங்கதான் இருக்கு. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, மேற்கு பாத்த பால்கனி, கீழ சிமெண்டுத் தரை. மேல வெயில் 33 டிகிரிதான், மொளகா அத தாங்கிக்கும். ஆனா தொட்டிக்குள்ள இருக்கிற வேர் அதவிட சூட்டுல வேகுது. வெந்த வேரால தண்ணி இழுக்க முடியாது. அதுக்கு மேல நாம ஊத்த ஊத்த வேர் அழுகும். போன வருஷம் மூணு செடிய நான் இப்படித்தான் இழந்தேன். வாடுது வாடுதுன்னு ஊத்தியே சாகடிச்சேன். ரொம்ப மனசு கஷ்டமாயிருச்சு, ஏன்னா மூணும் பிஞ்சு விட்டிருந்துச்சு.

இப்ப பக்கத்துல இருக்கிற இந்தச் செடிய பாருங்க. அதே வயசு, அதே வெயில், ஒரு இலைகூட தொங்கல. பிளாஸ்டிக் தொட்டிய அப்படியே ஒரு பெரிய மண் தொட்டிக்குள்ள இறக்கி, சுத்தி தேங்கா மட்டைய பிச்சுப் போட்டு ஈரமா வச்சிருக்கேன். மண்பானையில தண்ணி எப்படி ஜில்லுன்னு இருக்குதோ அதே கதைதான். அடியில ரெண்டு செங்கல். பகல் பூரா சூடு குடிச்ச சிமெண்டு, ராத்திரியிலதான் அத வெளிய விடும். செங்கல் வச்சா காத்து போக வழி கிடைக்கும். மண் கலவை தேங்கா நாரு, சுட்ட உமி, மக்குன உரம். அவ்வளவுதான்.

சரி, அப்ப எல்லாத்தையும் ரூமுக்குள்ள வச்சுரலாமான்னு நெறைய பேரு கேக்குறீங்க. நானும் வச்சுப் பாத்தேன். ஜன்னல் ஓரம் நமக்கு வெளிச்சமா தெரியும், செடிக்கு அது பத்தாது. நெட்டையா, வெளுத்துப்போய், சாஞ்சு நிக்கும். அதனால எல்.இ.டி. லைட் மாட்டினேன். ஊதா வெளிச்சம். ராத்திரி அது ஜன்னல் வழியா தெரிஞ்சிருக்கு. மறுநாள் பக்கத்து வீட்டு மக்சிக், அதான் மலாய்க்கார அம்மா, வந்து மெதுவா, "உள்ள என்ன வளக்குற?"ன்னு கேட்டாங்க. அவங்க கேட்டது நியாயம். இந்த மாதிரி லைட், செடி வளக்கிற டென்ட் எல்லாம் வெளிநாட்டுல கஞ்சா வளக்கிறவங்க நெறைய புழங்குற சாமான். அத பாத்துட்டு யாரும் ஆசைப்படாதீங்க. நம்ம மலேசியாவுல 1952 அபாயகரப் போதைப்பொருள் சட்டம் இருக்கு. கஞ்சா வளத்தா ஆயுள் சிறை, பிரம்படி வரைக்கும் போகும். மக்சிக்க உள்ள கூப்பிட்டு கொத்தமல்லிய காட்டினேன். ஒரு கட்டு வாங்கிட்டுப் போனாங்க. அன்னிக்கே வெள்ள லைட்டா மாத்திட்டேன்.

கொத்தமல்லிய மட்டும் நான் உள்ளதான் வளப்பேன். வெளிய போட்டா சூட்டுல சீக்கிரமே பூ எடுத்துரும், இலை பொடிசாயிரும். விதைய லேசா ரெண்டா ஒடச்சுப் போட்டு, லைட்ட தினம் 14 மணி நேரம் எரிய விடுறேன். நம்ம ஊருல பகல் வருஷம் பூரா ஏறக்குறைய 12 மணி நேரந்தான், அதனால உள்ள அந்த ரெண்டு மணி நேரம் கூட குடுக்கிறேன். ரெண்டு வாரத்துக்கு ஒரு தொட்டி புதுசா விதைச்சா கை ஓயாம கிடைக்கும்.

ஆனா ஏர்கோன் ரூம்ல காத்து வறண்டிருக்கும், செம்பேன்னு இலைச் சாற உறிஞ்சுற பொடிப் பேன் வந்து உக்காந்துக்கும். இலைக்கு அடியில வெள்ளக் காகிதத்த வச்சு தட்டுங்க... தெரியுதா? இந்தப் புள்ளி நகருது. குளியலறைக்குக் கொண்டுபோய் இலையோட அடிப்பக்கம் தண்ணி அடிங்க, சாயங்காலம் வேப்பெண்ணெய்.

மொளகாய உள்ள வச்சா இன்னொரு சங்கடம், பூவ ஆட்ட காத்து இல்ல. காலையில பூக்காம்ப விரலால சுண்டி விடணும், இல்லன்னா காய் பிடிக்கிறது கொறையும். வெளிய இருந்தா காத்தே அந்த வேலைய செய்யும். அதனால மொளகா, கருவேப்பிலை, துளசி மூணும் எனக்கு பால்கனிதான்.

தொட்டிக்கு அடியில தட்டு வச்சிருக்கிறவங்க, தேங்குன தண்ணிய தயவுசெஞ்சு கொட்டிருங்க. ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம் போதும், முட்டையிலிருந்து பறக்கிற வரைக்கும். இந்த பிளாக்குலயே டெங்கி வந்தவங்க இருக்காங்க.

இப்ப இந்த வாடுன செடிக்கு தண்ணி ஊத்தப் போறதில்ல. தொட்டிய நிழலுக்கு நகத்தி, ஈரச் சாக்க சுத்தி வைக்கிறேன். ஏழரைக்கு மேல வெயில் எறங்கினதும் இதே எடத்துல மறுபடி காட்டுறேன், இலை நிமிந்துச்சா இல்லையான்னு நீங்களே பாருங்க.