சூரியன் வராத ஊருல பொங்கல் வெச்ச கதை

எல்லாருக்கும் வணக்கம். தலைவரே, தலைமையாசிரியரம்மா, முன்னாடி வரிசையில உக்காந்திருக்குற எங்க பழைய தோட்டத்து சனங்களே, பின்னாடி குடிக்க மைலோ எப்ப வரும்னு பாத்துகிட்டு இருக்குற புள்ளைங்களே. 'நார்வே போய்ட்டு வந்தத பத்தி 20 நிமிசம் பேசுங்கம்மா'ன்னு கூப்ட்டாங்க. 22 வருசம் தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுனவ நான், அப்பறம் வேலைக்கு போறவங்க புள்ளைங்கள விட்டுட்டு போற ஆயாக்கொட்டகையில புள்ள பாத்தவ. இதுக்கு முன்னாடி மைக் புடிச்சது ஒரே ஒரு தடவதான், கோயில் திருவிழாவுல நம்ம தண்டல் வீட்டு ஆடு காணாப்போச்சுன்னு அறிவிச்சப்ப. அதனால கோர்வையா எல்லாம் வராது, பொறுத்துக்குங்க.

என் மக அங்க ஆஸ்பத்திரியில வேலை பாக்குறா. மருமகன் யாழ்ப்பாணத்து குடும்பம். அவங்க அப்பா அம்மா 80கள்ல நார்வேயோட வடக்கு கோடியில மீன் ஃபேக்டரியில வேலை செய்ய போனவங்க, அந்த மாதிரி நெறைய தமிழ் சனங்க அப்ப அந்த கரையோர ஊருங்களுக்கு போயிருக்காங்க. மகளுக்கு ரெண்டாவது புள்ள பொறந்துச்சு, நான் ஒத்தாசைக்கு போனேன். நம்ம மலேசிய பாஸ்போர்ட்டுக்கு விசா வேணாம், 90 நாள் இருக்கலாம், டிசம்பர் ஆரம்பத்துல போனேன்.

ஊரு பேரு ட்ரோம்சோ. பூமத்திய கோட்டுலருந்து 69 டிகிரி வடக்க. நம்ம சுங்கை சிப்புட் 5 டிகிரி கூட இல்ல, அத வெச்சு பாத்துக்குங்க. நவம்பர் கடைசியில சூரியன் கீழ போனா ஜனவரி நடுவுல வரைக்கும் மேல வராது. அதுக்கப்பறமும் மலை மறைக்குறதால ஊர்க்காரங்க கண்ணுல படுறது ஜனவரி 21தான். அதுக்காக 24 மணி நேரமும் கும்மிருட்டுன்னு நெனைக்காதீங்க, மத்தியானம் ரெண்டு மூணு மணி நேரம் ஒரு நீல வெளிச்சம் வருது, நமக்கு காலையில ஏழு மணிக்கு முன்னாடி, கித்தா மரத்துல, அதான் ரப்பர் மரத்துல, வெட்டுன கோடு லேசா தெரிய ஆரம்பிக்குமே, அந்த வெளிச்சம். அந்த நேரத்துலயே பொழுது முழுக்க நின்னுபோன மாதிரி இருக்கும். குளிரு நான் பயந்த அளவு இல்ல, கடல்ல சூடான நீரோட்டம் வர்றதால பெரும்பாலும் மைனஸ் 4, 5. சில நாள் அதுக்கும் கீழ போவும், அப்ப மூக்குக்குள்ள இருக்குற முடி வெறைக்குறது நமக்கே தெரியும்.

மொத ஞாயித்துக்கெழம. நான் வடைக்கு பருப்பு ஊற வெச்சிட்டேன், மழையும் இருட்டுமா இருந்தா நம்ம வேற என்ன செய்வோம், வீட்டுல உக்காந்து எதையாச்சும் பொரிச்சு தின்போம். என் மக என்னடான்னா காலையில பத்து மணிக்கு, வெளிய இன்னும் அரை இருட்டு, நாலு வயசு பேரனுக்கு கம்பளி பனியன், அதுக்கு மேல இன்னொரு கம்பளி, அதுக்கு மேல தண்ணி எறங்காத சட்டைன்னு மாட்டிகிட்டு இருக்கா, எல்லாம் மாட்டி ஜிப்பு போட்டு முடிச்சதும் அவன் 'அம்மா, ஒண்ணுக்கு'ங்குறான். மறுபடியும் எல்லாத்தையும் கழட்டி! எங்கம்மா போறீங்கன்னு கேட்டா, சும்மா காட்டுக்குள்ள நடக்க போறோம்மா, ஞாயித்துக்கெழமன்னா எல்லாரும் போவாங்கன்னா. எனக்கும் ஷூவுக்கு அடியில ஆணி வெச்ச ரப்பர் ஒண்ண மாட்டி விட்டா, அது இல்லன்னா ஐஸ்ல ரெண்டு அடி வெக்க முடியாது.

காட்டுக்குள்ள போனா வழி முழுக்க வெளக்கு கம்பம், பனிச்சறுக்கு கட்டைல சனங்க சரக் சரக்குனு போவுறாங்க. வெளக்கு இல்லாத பக்கம் போறவங்க நெத்தியில லைட்டு கட்டியிருக்காங்க. தூரத்துல அந்த லைட்டுங்க வரிசையா அசையுறத பாத்ததும் எனக்கு நெஞ்சு பகீர்னுச்சு, 'ஏம்மா, இங்க எந்த தோட்டத்துல பால் வெட்டுறாங்க?'ன்னு கேட்டுட்டேன். மக சிரிச்சா. எனக்கு சிரிப்பு வரல. பொழுது சூடாவுறதுக்கு முன்னாடி வெட்டுனாதான் பால் நல்லா ஓடும்னு நாம நெத்தியில வெளக்கு கட்டிகிட்டு ஓடுனோம். அங்க ஒருத்தன் அதே வெளக்க கட்டிகிட்டு சும்மா, சந்தோசத்துக்கு, சம்பளம் இல்லாம போறான்.

ஒரு குடில் மாதிரி எடத்துல நெருப்பு மூட்டுனாங்க, குச்சியில சாசேஜ் குத்தி சுட்டாங்க. கோடைக்காலத்துல ஏப்ரல் 15லருந்து செப்டம்பர் 15 வரைக்கும் காட்டுல, காட்டு பக்கத்துல எல்லாம் அப்படி மூட்ட முடியாது, தடை இருக்கு. பிளாஸ்க்குல காப்பி, ரொட்டிக்கு நடுவுல பழுப்பு கலருல ஒரு சீஸ், பாக்க சவுக்காரக் கட்டி மாதிரி, தின்னா இனிக்குது. எனக்கு புடிக்கல, உண்மைய சொல்றேன், நம்ம தேங்காப்பால் சோறு, நாசி லெமாக், ஒரு பொட்டலம் கெடைச்சிருந்தா அந்த ஊருக்கே ராணியா இருந்திருப்பேன். எல்லாரும் கொண்டு போற ஒரு சாக்லேட் இருக்கு, க்விக் லுன்ஷ், 1937லருந்து விக்குது, அதோட காகிதத்துக்கு உள்பக்கம் மலைக்கு போறவங்களுக்கான விதிங்கள அச்சடிச்சிருக்காங்க. மொத்தம் 9. அதுல ஒண்ணு, நேரத்தோட திரும்பிடு, திரும்பி வர்றதுல வெக்கமில்லன்னு. சாக்லேட் காகிதத்துல இத சொல்றானே!

புள்ளைங்க காப்பகத்தயும் சொல்லணும், என் தொழிலாச்சே. பேரன விட போனப்ப பாத்தா, பனியில வரிசையா தள்ளுவண்டிங்க, உள்ள கைப்புள்ளைங்க தூங்குதுங்க. வெளியவா, மைனஸ்லயா! கம்பளி சுத்தி, மூஞ்சி மட்டும் தெரியுது, கன்னம் செவசெவன்னு. வெளிக்காத்துல தூங்குனா நல்லா தூங்கும்னு அவங்க நம்பிக்கை. அத பாத்துகிட்டே நின்னேன். நம்ம ஆயாக்கொட்டகையில தகர கூரைக்கு கீழ பதினஞ்சு ஏணை தொங்கும், அம்மாக்காரி அஞ்சு மணிக்கே தூக்கத்துலயே கொண்டாந்து போட்டுட்டு பெரட்டுக்கு, வேலைக்கு பேர் கூப்புடுற எடத்துக்கு, ஓடுவா. அங்க புள்ள பொறந்தா முழு சம்பளத்தோட 49 வாரம் லீவு, அதுல 15 வாரம் அப்பனுக்குன்னே ஒதுக்கி வெச்சது. நம்ம நாட்டுல 2023லருந்து அம்மாவுக்கு 98 நாள், அப்பாவுக்கு 7 நாள். எங்க காலத்த பத்தி பேசுனா தலைவர் மணி அடிச்சிருவாரு.

பொங்கலுக்கு வர்றேன். ஜனவரி 14, சூரியன் இல்ல. எனக்கு ராத்திரி பூரா தூக்கம் வரல, சூரியனுக்கு வெக்கிற பொங்கல எந்த பக்கம் பாத்து வெக்குறது? சம்பந்தியம்மாகிட்ட கேட்டேன். அவங்க அமைதியா, 'நீங்கள் யோசியாதேங்கோ சம்பந்தி, நாங்கள் முப்பது வருசமா இப்பிடித்தான். மத்தியானம் தெற்கால வெளிக்கும், அந்தப் பக்கம் பாத்து வைப்பம்'னாங்க. வாசல்ல பனிய வாரி ஒதுக்கி, கல்லு வெச்சு, வெறகு மூட்டி, கம்பளி கையுறையோட அரிசி போட்டோம். கோலம் போடல, மாவும் வெள்ளை தரையும் வெள்ளைன்னு பேரன்தான் கண்டுபுடிச்சு சொன்னான், அப்பறம் அவனே மஞ்சப்பொடியால பனிமேல ஒரு வட்டம் போட்டான், சூரியனாம். பன்னெண்டு மணிக்கு தெற்கால மலை விளிம்புல ரோஸ் கலருல ஒரு கோடு, பால் பொங்குச்சு, 'பொங்கலோ பொங்கல்'னு கத்துனோம். பக்கத்து வீட்டு வெள்ளக்கார தாத்தா பனி அள்ளுற மம்முட்டியோட ஓடி வந்துட்டாரு, ஏதோ ஒத்தாசை வேணும்னு நெனச்சு. அங்க ஊரே சேந்து வேலை செய்யுற நம்ம கோத்தோங் ரோயோங் மாதிரியே ஒண்ணு இருக்கு, டுக்னாட்னு பேரு, அவருக்கு அது ரத்தத்துலயே ஊறி போச்சு. ஒரு கிண்ணம் சக்கரப்பொங்கல் கொடுத்தோம், ரெண்டாவது கிண்ணமும் கேட்டாரு.

ஏழு நாள் லேட்டா, 21ஆம் தேதி, சூரியன் வந்துச்சு. புள்ளைங்க எல்லாம் வெளிய வந்து ஜாம் வெச்ச பன்னு திங்குதுங்க, அன்னிக்கு அதுதான் வழக்கம். ரெண்டு மலைக்கு நடுவுல கொஞ்ச நேரம், அவ்ளோதான். நான் கும்பிட்டேன். 60 வருசமா தெனமும் பாத்த சாமிதான், கண்ணு கலங்கிடுச்சு.

ஆனா இன்னிக்கு நான் சொல்ல வந்தது வேற. ஒரு நாள் நடந்துகிட்டே இருக்கோம், வேலி இல்ல, போர்டு இல்ல. 'இது யாரு நெலம்? கேட்டுட்டுதான வந்தோம்?'னு நான் நின்னுட்டேன். மருமகன் சொன்னாரு, 1957லயே சட்டம் போட்டுட்டாங்களாம், காடு மலையெல்லாம் யாரு பேருல இருந்தாலும் நடக்கலாம். கூடாரம் அடிக்கலாம், வீட்டுக்கு 150 மீட்டர் தள்ளி. கடல்ல தூண்டி போட லைசென்ஸ் கூட வேணாம், சம்பந்தியய்யா அப்படி புடிக்குற மீனதான் குழம்பு வெப்பாங்க. மஞ்சளா ஒரு காட்டு பழம் உண்டு, மூல்டெ, தங்கம் மாதிரி மதிக்கிறாங்க, வடக்கு மாநிலங்கள்ல மட்டும் அத பறிக்க கூடாதுன்னு நெலத்துக்காரர் சொல்லலாம், ஆனா நின்ன எடத்துலயே தின்னா கேக்க முடியாது. அதாவது வாயில போட்டா சரி, வாளியில போட்டாதான் வழக்கு!

எனக்கு நம்ம தோட்டம் ஞாபகம் வந்துச்சு. 22 வருசம் எந்த மரத்துக்கு எத்தன மங்கு பாலுன்னு கண்ண மூடிகிட்டு சொல்லுவேன். இப்ப கித்தா போயி செம்பனை, நாம இருந்த லயத்து வீடுங்கள ஒடச்சாச்சு, நாம டவுன் பக்கம் தாமான் குடியிருப்பு வீட்டுல ஃபேனுக்கு கீழ உக்காந்து, புள்ளைங்க வெளிய போவ மாட்டேங்குதுங்கன்னு கைப்போன திட்டுறோம். எங்க போவும்? தோட்டத்து வாசல்ல இரும்பு கேட்டு.

போன மாசம் அந்த கேட்டுக்கு போனேன், தோட்டத்துக்குள்ள இருக்குற பழைய கோயில பாத்துட்டு வரலாம்னு. காவலுக்கு நேப்பாள தம்பி ஒருத்தர். ஆபீஸ் லெட்டர் இல்லாம விட முடியாதுன்னாரு, அவரு வேலை அது. எனக்கு சட்டுனு ஒண்ணு தோணுச்சு, போன எடுத்து ட்ரோம்சோவுல நான் ஏறுன படிக்கட்ட காட்டுனேன். மலைமேல போவ கல்லு படி, 1,200க்கு மேல, பத்துமலை முருகன் கோயில்ல 272தான, அதுக்கே நமக்கு மூச்சு வாங்குது. நான் பாதியோட திரும்பிட்டேன், வெக்கமில்ல. அத கட்டுனவங்க நேப்பாளத்து ஷெர்பாங்க, சனங்க சும்மா நடந்து போவணும்னு கல்லு கல்லா அடுக்குனாங்க. அந்த தம்பி படத்த பெருசாக்கி பெருசாக்கி பாத்தாரு, அவரு போனுக்கு அனுப்ப சொன்னாரு, அனுப்புனேன். ஒரு ஸ்டூல் எடுத்து போட்டு உக்கார சொன்னாரு, தண்ணி கொடுத்தாரு. கேட்ட தொறக்கல.

அதனால தோட்டத்து ஆபீசுக்கு லெட்டரு எழுதிட்டேன், பேத்தி டைப் பண்ணி கொடுத்தா, மலாய்ல. மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம, காலையில 7லருந்து 11 வரைக்கும், புள்ளைங்கள கூட்டிகிட்டு கோயில் வரைக்கும் நடக்க விடுங்கன்னு, அவ்ளோதான் கேட்டிருக்கேன். மைலோ மேசைக்கு பக்கத்துல வெச்சிருக்கேன், கையெழுத்து போட பேனாவும் கெடக்கு, அடையாள கார்டு ஐசி நம்பர மறக்காம எழுதுங்க.