சந்தனமா, சாம்பலா?

[காட்சி: மேற்கு பார்த்த படுக்கையறை. ரெட் ஆக்சைடு தரை. பட்டி பார்த்து முடித்த வெறும் சுவர்.]

வணக்கம். இந்த ஓர் அறைக்காக எங்கள் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. அம்மாவுக்குச் சந்தன நிறம், எனக்கு வெளிர் சாம்பல். கடையில் ஷேடு கார்டைப் பார்த்தபோது சாம்பல் நீலம் கலந்து அத்தனை அழகாக இருந்தது. தனியாகப் பூசிப் பார்த்தால் அந்த நீலத்தைக் காணவில்லை!

[காட்சி: ஷேடு கார்டு, மிக அருகில்.]

அந்த நீலம் பெயின்டில் இல்லை. பக்கத்துக் கட்டத்துச் சந்தனம் கொடுத்த கடன் அது. மஞ்சளின் அருகே வைத்த சாம்பல் நீலமாகத்தான் தெரியும். பாரிசின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தார். குறை சாயத்தில் இல்லை, அருகில் ஓடிய நூலின் நிறத்தில் இருந்தது. 1839இல் அதைத் தனி நூலாகவே எழுதினார். ஆனாலும் நாம் இன்றும் சுவரில் இரண்டு வண்ணங்களை ஒட்டி ஒட்டிப் பூசித்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

[காட்சி: இரண்டு சார்ட் தாள்கள்.]

ஆளுக்கொரு வெள்ளைத் தாள், இரண்டு கோட்டிங். நன்றாகக் காயவிடுங்கள், எமல்ஷன் காய்ந்தால் பெரும்பாலும் சற்றுக் கருக்கும். ஒரு நேரத்தில் ஒரு தாளை மட்டும் மாட்டுங்கள். மற்றது அலமாரிக்குள் போகட்டும்.

[காட்சி: காலை, மாலை, இரவு.]

காலையில் இங்கே நேர்வெயில் இல்லை. சந்தனம் மங்கல், சாம்பல் குளிர்ச்சி. மாலை நான்கு மணிக்கு வெயில் உள்ளே வந்ததும் சந்தனம் மஞ்சளாகவே மாறிவிடுகிறது. தரையின் சிவப்பு மேலே எதிரொளிக்க, சாம்பலின் அடிப்பகுதியில் லேசான ரோஜாச் சாயல். எனக்கு அது பிடித்திருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இந்த அறையில் நாங்கள் இருப்பது இரவில். இங்கே எரிவது 6500 கெல்வின் வெள்ளை டியூப் லைட். (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு.) அதன் கீழே என் சாம்பல் ஆஸ்பத்திரி வராந்தா. சந்தனமோ மஞ்சள் அடங்கி, பதமாக நிற்கிறது. மஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் பல்பு போட்டால் நிலைமை தலைகீழ்.

பல்பை மாற்றலாமே என்று கேட்டுப் பார்த்தேன். “அந்த மஞ்சள் வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோக்க முடியாது” என்றார் அம்மா.

[காட்சி: பெயின்டர் சந்தன நிற வாளியைத் திறக்கிறார்.]